நாக்கில் வெள்ளை படிகிறது, கடைவாய்ப் பல்லும் பிடுங்க வேண்டும்: ஏ.ஆர்.டி. எடுப்பவர்கள் வழி சொல்லுங்கள்

ஊசிநூல் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். இத்தனை நாளும் படித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன், இன்றுதான் முதல்முறையாக எழுதுகிறேன். எனக்கு வயது 38. எச்.ஐ.வி. இருப்பது 2013ல் தெரிந்தது, அப்போதிருந்து ஏ.ஆர்.டி. என்கிற எச்.ஐ.வி. கூட்டு மருந்து எடுக்கிறேன். ஊர் தேனிப் பக்கம். கணவர் இல்லை. பையன் பத்தாவது படிக்கிறான், அவனுக்கு இரண்டு தடவை டெஸ்ட் எடுத்துப் பார்த்தாயிற்று, நெகட்டிவ். போன வருடக் கடைசியில் திருப்பூருக்கு வந்துவிட்டோம். பனியன் கம்பெனியில் பவர் டேபிள் தையல் மிஷின் ஓட்டுகிறேன், சீசன் நேரத்தில் தினமும் ஒன்றரை ஷிப்ட்.

இங்கே வந்தபிறகுதான் தப்பு நடந்தது. கையில் இருந்த மாத்திரை தீர்ந்ததும் தேனிக்குப் போய் வாங்கிவர லீவு கிடைக்கவில்லை. ஒரு மாதம் விட்டுப்போனது. அப்புறம் ஒருமுறை போய் வாங்கிவந்து ஒழுங்காக எடுத்தேன். அதுவும் தீர்ந்து இப்போது மூன்று மாதம் ஆகிறது. லீவு கிடைக்கவில்லை என்பது பாதி உண்மைதான். ஏன் வரவில்லை என்று கேட்டால் என்ன பதில் சொல்வது என்ற பயத்திலேயே போகாமல் இருந்துவிட்டேன்.

ஒரு மாதமாக வாய் சரியில்லை. காலையில் கண்ணாடியில் பார்த்தால் நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தயிர் ஒட்டினாற்போல வெள்ளையாக இருக்கிறது. துணியைச் சுற்றித் துடைத்தால் வந்துவிடுகிறது, ஆனால் அந்த இடம் சிவந்து லேசாக ரத்தம் கசிகிறது. ருசியே தெரியவில்லை, ரசம் பட்டால் நெருப்பாக எரிகிறது. வாய் ஓரம் இரண்டு பக்கமும் வெடித்துப்போய் கொட்டாவிகூட விட முடியவில்லை. கூடவே இடது பக்கம் கீழ்க் கடைவாய்ப் பல் சொத்தை, ராத்திரியானால் காதுவரைக்கும் இழுக்கிற வலி. மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுத்தான் மிஷினில் உட்காருகிறேன்.

போன வாரம் பக்கத்தில் ஒரு தனியார் பல் கிளினிக்குக்குப் போனேன். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, பிடுங்கிவிடலாம், 1,200 ரூபாய் ஆகும் என்றார். சரி என்று நாற்காலியில் சாய்ந்தபிறகு, வேறு ஏதாவது மாத்திரை எடுக்கிறீர்களா என்று கேட்டார். டாக்டரிடம் மறைக்கக்கூடாது என்று உண்மையைச் சொன்னேன். கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனவர் திரும்பி வரவில்லை. உதவிக்கு இருந்த பெண் வந்து, இங்கே அதற்கு வசதி இல்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று வெளியே நாலு பேர் உட்கார்ந்திருக்கும்போதே சொன்னாள். நான் சாய்ந்திருந்த நாற்காலியில் எதையோ தெளித்துத் துடைக்கிற சத்தம் படி இறங்கும்வரை கேட்டுக்கொண்டே இருந்தது.

நாக்கில் இருப்பது என்ன? மெடிக்கலில் ஒரு சொட்டு மருந்து தருகிறேன், தடவுங்கள் என்கிறார்கள், அது போதுமா? எங்களைப் போன்றவர்கள் பல் பிடுங்கவே கூடாதா? பையனும் நானும் ஒரே டம்ளரில் குடிப்போம், இந்த வெள்ளை அவனுக்கு ஒட்டிவிடுமா?


முல்லைக்கொடி எழுதியது:

தங்கச்சி, மெடிக்கல் மருந்து இருக்கட்டும், நீ முதலில் ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போ. நாளைக்கே போ. நானும் 15 வருடமாக மாத்திரை எடுப்பவள்தான். இப்போது எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கான எங்கள் மாவட்டக் கூட்டமைப்பில், இடையில் மருந்தை விட்டவர்களைத் தேடிப்போய்ப் பேசுகிற வேலை பார்க்கிறேன், அதனால் சொல்கிறேன். மருந்தை விட்டு நாலைந்து மாதம் கழித்து வருகிறவர்களில் பாதிப் பேர் இப்படி வாயைப் பொத்திக்கொண்டுதான் வருவார்கள். ரத்தப் பரிசோதனை முடிவு வருவதற்கு முன்னால் நாக்கு சொல்லிவிடும்.

மாத்திரைக்காகத் தேனிக்குப் போக வேண்டியதே இல்லை. திருப்பூரிலேயே மையம் இருக்கிறது. அங்கே போய் இப்படி ஊர் மாறி வந்துவிட்டேன் என்று சொன்னால் மாற்றல் போட்டுத் தருவார்கள். பழைய மையத்தில் கொடுத்த பச்சை நோட்டு இருந்தால் எடுத்துக்கொண்டு போ, இல்லையென்றால் உன் ஏ.ஆர்.டி. எண்ணைச் சொல், அதுவும் ஞாபகம் இல்லையென்றால் பேர், ஊர் சொல்லித் தேடச் சொல். எதுவும் இல்லை என்பதற்காகத் திரும்பி வந்துவிடாதே. யாரைப் பார்ப்பது என்று தயக்கமாக இருந்தால் 1097க்குப் போன் செய், காசு கிடையாது, தமிழில் பேசலாம்.

கேட்பார்கள்தான். ஏன் விட்டாய் என்று கேட்கத்தான் செய்வார்கள். ஒன்றரை ஷிப்ட் என்று இங்கே எழுதினாயே, அதையே அங்கேயும் சொல். உடம்பு நிலையாக இருப்பவர்களுக்கு இரண்டு மூன்று மாத மாத்திரையைச் சேர்த்துத் தருகிற ஏற்பாடு இருக்கிறது, கொஞ்ச நாள் ஒழுங்காக வந்துவிட்டால் அதற்கும் கேட்கலாம். பழைய மாத்திரை எங்காவது மிச்சம் இருந்தாலும் அதை நீயாகப் பாதி பாதியாகப் போட ஆரம்பிக்காதே. காய்ச்சல், இருமல், விடாத தலைவலி, எடை குறைவு இவற்றில் எது இருந்தாலும் டாக்டரிடம் சொல், காசநோய் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள்.


வைகைக்கரை எழுதியது:

நாங்களும் தேனிக்காரர்கள்தான். எங்கள் வீட்டில் வாய்ப்புண் என்றால் மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பால் விட்டுச் சமைத்து மூன்று நாள் தருவார்கள், நன்றாகக் கேட்கும். காரத்தையும் புளியையும் நிறுத்திவிடுங்கள். போரிக் கிளிசரின் என்று மெடிக்கலில் கிடைக்கும், அதையும் தடவலாம். ஆங்கில மருந்துச் சூடுதான் வாய்க்கு வருகிறது என்றும் சொல்வார்கள், கொஞ்ச நாள் மாத்திரை இல்லாமல் இருந்து பாருங்களேன்.


வெண்பல் எழுதியது:

நான் பல் மருத்துவர், அரசு மருத்துவமனையில் 11 வருடமாக இருக்கிறேன். வைகைக்கரை அவர்கள் அக்கறையோடுதான் எழுதியிருக்கிறார். கீரையும் தேங்காய்ப்பாலும் தாராளமாகச் சாப்பிடலாம், எரிகிற வாய்க்கு இதமாக இருக்கும். ஆனால் கடைசி வரியை மட்டும் யாரும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஊசிநூல் அவர்களுக்கு வாய் இப்படி ஆனதே மாத்திரை இல்லாததால்தான். போரிக் கிளிசரினும் வேண்டாம், அது பூஞ்சையைச் சரியாக்காது, போரிக் ஆசிட் வயிற்றுக்குள் போவதும் நல்லதில்லை.

அம்மா, நேரில் பார்க்காமல் முடிவாகச் சொல்லக்கூடாது, இருந்தாலும் நீங்கள் எழுதியிருப்பது அச்சு அசலாகக் கேண்டிடா என்கிற பூஞ்சைத் தொற்று மாதிரியே இருக்கிறது. துடைத்தால் வருகிறது, அடியில் சிவப்பு, ருசி இல்லை, எரிச்சல், வாய் ஓர வெடிப்பு, எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்துகிறது. இந்தப் பூஞ்சை வெளியிலிருந்து வந்ததில்லை. நம்மில் நிறையப் பேர் வாயில் எப்போதும் கொஞ்சம் இருக்கும், எதிர்ப்புச் சக்தி அதை அடக்கி வைத்திருக்கும். அந்தப் பிடி தளரும்போது பெருகிவிடுகிறது. கைக்குழந்தைக்கு நாக்கில் மாவு பூத்திருக்கிறது என்பார்களே, அதுவும் இதே பூஞ்சைதான். சர்க்கரை கட்டுப்படாதவர்கள், ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு உறிஞ்சிவிட்டு வாய் கொப்பளிக்காதவர்கள், கட்டுப்பல்லை ராத்திரி கழற்றாமல் தூங்குகிறவர்கள், ஆன்டிபயாடிக் நிறைய எடுத்தவர்கள் எல்லாருக்கும் வரும். எனவே இதைப் படிக்கிற வேறு யாராவது நாக்கில் வெள்ளையைப் பார்த்ததும் எச்.ஐ.வி.தான் என்று பயந்துவிட வேண்டாம், காரணத்தைத் தேடிப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். உங்கள் பையனுக்கு இது ஒட்டாது. எச்சிலால் எச்.ஐ.வி.யும் பரவாது. ஒரே டம்ளரில் குடியுங்கள், ஒரே தட்டில் ஊட்டிவிடுங்கள். பல்துலக்கும் பிரஷ்ஷும் ஷேவிங் பிளேடும் மட்டும் தனியாக இருக்கட்டும். ஈறிலிருந்து ரத்தம் வருகிற வாய்க்கு அதுதான் சரி.

மெடிக்கலில் சொன்ன சொட்டு மருந்து க்ளோட்ரிமசோலாக இருக்கும். தப்பான மருந்து இல்லை. லேசாக இருந்தால் அதுவே போதும், ஒரு நாளைக்கு மூன்று நாலு முறை தடவி, அரை மணி நேரம் எதுவும் சாப்பிடாமல், ஒன்றிரண்டு வாரம் விடாமல் செய்ய வேண்டும். ஆனால் உங்களுக்கு ஒரு மாதமாக இருக்கிறது, வாய் முழுக்கப் பரவியிருக்கிறது. இதற்கு ஃப்ளூகோனசோல் மாத்திரை தேவைப்படும், தினம் ஒன்று, 7லிருந்து 14 நாள். அளவை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும், கர்ப்பமாக இருக்கும் பெண்கள் இதைத் தானாகப் போடவே கூடாது. மூன்றாவது நாளே வெள்ளை மறைந்துவிடும், அதோடு நிறுத்துகிறவர்கள் அடுத்த மாதம் திரும்ப வருகிறார்கள். கூட்டு மருந்தைத் திரும்பத் தொடங்காமல் பூஞ்சைக்கு மட்டும் மருந்து போட்டாலும் இதே கதைதான்.

ஒன்று கேட்கிறேன், மறக்காமல் பதில் சொல்லுங்கள். விழுங்கும்போது நெஞ்சுக்குள் குத்துகிறதா? சோறு தொண்டைக்குக் கீழே நிற்கிறதா? அப்படியென்றால் பூஞ்சை உணவுக்குழாய் வரைக்கும் இறங்கியிருக்கலாம். அதற்குத் தடவுகிற மருந்து உதவாது, மாத்திரையும் 14லிருந்து 21 நாள் வரை தேவைப்படும்.

இப்போது பல். எச்.ஐ.வி. இருப்பவர்களுக்குப் பல் பிடுங்கலாம், வேர் சிகிச்சை செய்யலாம், எதுவும் செய்யலாம். சி.டி.4 என்கிற எதிர்ப்பு அணு எண்ணிக்கை குறைவாக இருக்கிறது என்பதற்காகக்கூடத் தள்ளிப்போட வேண்டியதில்லை, சீழ் கட்டிய பல்லை உள்ளே வைத்திருப்பதுதான் ஆபத்து. நாங்கள் பார்ப்பது ரத்த அணு எண்ணிக்கையை. ரத்தம் உறைய உதவுகிற தட்டணு 50,000க்கு மேல் இருந்தால் சாதாரணமாகப் பிடுங்கிவிடுவோம், நியூட்ரோஃபில் என்கிற வெள்ளை அணு 500க்குக் கீழே போயிருந்தால்தான் முன்கூட்டியே ஆன்டிபயாடிக் தருவது பற்றி யோசிப்போம். எச்.ஐ.வி. என்பதற்காக மட்டும் கொடுப்பதில்லை.

வசதி இல்லை என்று சொன்னார்களாமே, படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது, இதை வெளிப்படையாகச் சொல்கிறேன். எச்.ஐ.வி. உள்ளவருக்குப் பல் பிடுங்கத் தனியாக எந்த வசதியும் தேவையில்லை. கையுறை, முகக்கவசம், கண்ணாடி, ஆட்டோகிளேவ் என்கிற நீராவிக் கலனில் 121 டிகிரியில் 15 நிமிடம் வைத்த கருவி, ஊசியைத் திரும்ப மூடாமல் போடும் டப்பா, இவ்வளவுதான். இதை எல்லா நோயாளிக்கும் செய்ய வேண்டும், ஏனென்றால் வருகிறவர்களில் பலருக்குத் தனக்குத் தொற்று இருப்பதே தெரியாது. சொன்னவருக்கு ஒரு முறை, சொல்லாதவருக்கு ஒரு முறை என்று ஒரு கிளினிக் நடக்கிறதென்றால், அங்கே சொல்லாதவர்களுக்கு என்ன செய்கிறார்கள் என்றுதான் கவலைப்பட வேண்டும். வைரஸ் கட்டுப்படாத ஒருவருக்குப் போட்ட ஊசி எங்கள் கையில் குத்தினால்கூட எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு 0.3 சதவீதம், அதாவது 1,000 முறைக்கு 3. தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி அதைவிடப் பல மடங்கு எளிதாகத் தொற்றும். குத்திவிட்டால் 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் 2 மணி நேரத்துக்குள், மருந்து தொடங்கி 28 நாள் போட்டுக்கொள்ள வழி இருக்கிறது. எனக்கே ஒருமுறை குத்தியிருக்கிறது, 28 நாள் போட்டேன், நன்றாக இருக்கிறேன்.

அப்புறம் அந்த வலி மாத்திரை. அது டைக்ளோஃபெனாக்காக இருந்தால் நிறுத்திவிடுங்கள். உங்கள் கூட்டு மருந்தில் டெனோஃபோவிர் இருக்கும், இரண்டும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குப் பாரம். இப்போதைக்குப் பாரசிட்டமால் போதும்.


சானடோரியம்2004 எழுதியது:

டாக்டர் கேட்ட விழுங்குகிற வலியைப் பற்றி நான் சொல்ல வேண்டும், மகளே.

2003ல் எனக்கு 39 கிலோ. அப்போது மாத்திரை விலைக்குத்தான், எங்களால் முடியாது. வாய்க்குள் வெள்ளை வந்தது, அப்புறம் இறங்கியது. என் எச்சிலை நானே விழுங்க முடியாமல் தலைமாட்டில் ஒரு டப்பா வைத்துத் துப்பிக்கொண்டிருந்தேன். ஒரு வாய் தண்ணீர் குடித்தால் நடு நெஞ்சில் கண்ணாடிச் சில்லு இறங்குகிற மாதிரி இருக்கும். என் மனைவி இளநீர் வழுக்கையைக் கரண்டியால் மசித்து, அதைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்திருந்து, அரைக் கரண்டி அரைக் கரண்டியாகத் தருவாள். ஒரு இளநீருக்கு ஒரு மணி நேரம் ஆகும். இரண்டு மாதம் நான் அப்படித்தான் இருந்தேன். அது பூஞ்சை என்றும் அதற்கு மாத்திரை உண்டு என்றும் ஊரில் பார்த்த யாரும் சொல்லவில்லை, வாயைத் திறந்து டார்ச் அடித்துக்கூடப் பார்க்கவில்லை.

தாம்பரம் சானடோரியம் ஆஸ்பத்திரியில்தான் பார்த்தார்கள். நாலாவது நாள் ஒரு இட்லியைப் பாலில் ஊறவைத்து முழுசாகச் சாப்பிட்டேன். 2004 ஏப்ரலில் அரசு இலவசமாகக் கூட்டு மருந்து தர ஆரம்பித்தபோது நாட்டிலேயே முதலில் தொடங்கிய எட்டு மையங்களில் தாம்பரமும் ஒன்று. அந்த வருடமே எனக்கும் கிடைத்தது. அன்றிலிருந்து இன்றுவரை என் வாயில் அந்த வெள்ளை திரும்பவே இல்லை.

இன்னொன்று, எனக்கு இடையில் சிடோவுடின் என்கிற மாத்திரை கொடுத்தபோது நகமும் ஈறும் கறுத்தன. நோய் முற்றிவிட்டது என்று நினைத்து ஒரு மாதம் தூக்கம் இல்லாமல் கிடந்தேன். மருந்தின் நிறம் அது, வேறொன்றும் இல்லை. பழைய மருந்தில் இருப்பவர்கள் யாராவது இருந்தால் அதற்காகப் பயப்படாதீர்கள்.

நீ சின்னப் பெண். எங்களுக்கு மருந்து இல்லாமல் வாய் போனது, உனக்கு மருந்து ஊரிலேயே இருக்கிறது. போய் வாங்கிக்கொள் அம்மா.


அவையம் எழுதியது:

சட்டம் படித்தவள் என்ற முறையில் இரண்டு வார்த்தை. எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2017ல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10ல் நடைமுறைக்கு வந்தது. எச்.ஐ.வி. இருக்கிறது என்ற காரணத்துக்காகச் சிகிச்சை தர மறுப்பது அதன்படி பாகுபாடு, தனியார் கிளினிக்கையும் அது கட்டுப்படுத்தும். உங்கள் நிலையை உங்கள் சம்மதம் இல்லாமல் வெளியே நாலு பேர் காதில் விழும்படி பேசியதும் தவறுதான். சிகிச்சை மறுப்புப் புகார்களை விசாரிக்க மாநிலத்தில் குறைதீர்ப்பாளர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்கிறது சட்டம், புகார் வந்த 30 நாளுக்குள், உயிர் ஆபத்தான அவசரமென்றால் 24 மணி நேரத்துக்குள், அவர் உத்தரவு போட வேண்டும். உத்தரவை மதிக்காவிட்டால் 10,000 ரூபாய் வரை அபராதம், அதற்குப் பிறகும் இழுத்தடித்தால் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 வரை. இதே சட்டம்தான் மருத்துவமனை ஊழியர்களுக்குக் கையுறை போன்ற பாதுகாப்பும், ஊசி குத்தினால் தடுப்பு மருந்தும் தரச் சொல்கிறது, அதனால் பயமாக இருந்தது என்ற சமாதானமும் நிற்காது.

என்றைக்குப் போனீர்கள், எத்தனை மணிக்கு, யார் என்ன சொன்னார்கள் என்பதை ஞாபகம் இருக்கும்போதே ஒரு தாளில் எழுதி வையுங்கள். எக்ஸ்ரேக்கு ரசீது கொடுத்திருந்தால் பத்திரமாக வையுங்கள். புகார் கொடுப்பதா வேண்டாமா என்பதைப் பல் வலி நின்றபிறகு யோசிக்கலாம். பேர் வெளியே தெரியக்கூடாது என்று கேட்டுக்கொள்ளவும் வழி உண்டு.


ஊசிநூல் எழுதியது:

நேற்று ராத்திரி பையன் தூங்கினபிறகு எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். அவன் டம்ளரைத் தனியாக எடுத்து வைத்திருந்தேன், காலையில் திரும்ப எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன்.

டாக்டர், விழுங்கும்போது வலி இல்லை, வாயில் மட்டும்தான். வலி மாத்திரை அட்டையைப் பார்த்தேன், நீங்கள் சொன்ன பேர்தான், நிறுத்திவிட்டேன். இன்னும் இரண்டு சந்தேகம். ரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரை போடுகிறேன், நெஞ்சு எரிச்சலுக்கு ரோஸ் கலர் டானிக் அடிக்கடி குடிப்பேன். திரும்பக் கூட்டு மருந்து தொடங்கினால் இதெல்லாம் போடலாமா? கடைசியாக வாங்கியது டோலுடெக்ராவிர் சேர்ந்த ஒரே மாத்திரை. இன்னொன்று, பல் தேய்த்தால் ஈறு ஓரத்தில் ரத்தம் வருகிறது, அதனால் பத்து நாளாகப் பிரஷ் போடாமல் உப்புத் தண்ணீர் மட்டும் கொப்பளிக்கிறேன், சரிதானே?


வெண்பல் எழுதியது:

நல்ல வேளை கேட்டீர்கள். டோலுடெக்ராவிரோடு அந்த ரோஸ் டானிக் சேரவே சேராது. அதில் இருக்கிற அலுமினியமும் மெக்னீசியமும் மாத்திரையைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும், ரத்தத்துக்குப் போக விடாது. டானிக் குடிக்க இரண்டு மணி நேரத்துக்கு முன்னாலோ, குடித்து ஆறு மணி நேரம் கழித்தோ மாத்திரை போட வேண்டும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதே கணக்குதான், ஆனால் சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டால் ஒன்றாகவே எடுக்கலாம். எளிதாக வேண்டுமென்றால் இரும்பு காலையில், கூட்டு மருந்து ராத்திரி என்று பிரித்துவிடுங்கள். நெஞ்சு எரிச்சலுக்கு வேறு மாத்திரை இருக்கிறது, ஏ.ஆர்.டி. டாக்டரிடம் கேளுங்கள். ஒழுங்காகத்தான் போட்டேன், வைரஸ் ஏன் குறையவில்லை என்று கேட்கிறவர்களிடம் தோண்டிப் பார்த்தால் சில சமயம் இந்த டானிக்தான் வெளியே வரும். வாய் ஓர வெடிப்புக்கும் பூஞ்சையோடு ரத்தக்குறைவு ஒரு காரணமாக இருக்கலாம், அதனால் இரும்பை நிறுத்தாதீர்கள்.

பிரஷ்ஷை நிறுத்தியது தப்பு அம்மா, கோபித்துக்கொள்ளாதீர்கள். ரத்தம் வருகிற ஈறைத்தான் இன்னும் கவனமாகத் துலக்க வேண்டும். மென்மையான பிரஷ் ஒன்று வாங்கி, ஃப்ளூரைடு உள்ள பேஸ்ட் பட்டாணி அளவு வைத்து, ஈறும் பல்லும் சேருகிற இடத்தில் மெதுவாக, காலையும் ராத்திரியும். முதல் நாலு நாள் கொஞ்சம் ரத்தம் வரும், அப்புறம் குறையும். குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பு மருந்து இரண்டு வாரம் பயன்படுத்தலாம், பேஸ்ட் போட்டு அரை மணி நேரம் கழித்து. மாதக்கணக்கில் போனால் பல்லில் கறை படியும்.

ஈறைக் கண்ணாடியில் பாருங்கள். ஓரத்தில் சிவப்பு நூல் ஓட்டின மாதிரி கோடு மட்டும் இருந்தால் சுத்தம் செய்து மருந்து போட்டுச் சரிசெய்துவிடலாம். இரண்டு பல்லுக்கு நடுவில் இருக்கிற ஈறு கொறித்தெடுத்த மாதிரி அழுகி, தாங்க முடியாத நாற்றமும் கடும் வலியும் இருந்தால் அன்றைக்கே பல் மருத்துவரைப் பாருங்கள், அது வேகமாக எலும்பு வரைக்கும் போய்ப் பல்லை ஆட்டிவிடும். நாக்கின் பக்கவாட்டில், துடைத்தாலும் போகாத, மடிப்பு மடிப்பான வெள்ளைக் கோடுகள் வேறு ஒன்று, அதற்கு எப்ஸ்டீன் பார் வைரஸ் காரணம், வலிக்காது, கூட்டு மருந்து சரியாகப் போனால் பெரும்பாலும் தானாக மறையும். ஆனால் புகையிலை, ஹான்ஸ் பழக்கம் உள்ளவர்கள் துடைத்துப் போகாத எந்த வெள்ளையையும் காட்டாமல் விடக்கூடாது. இரண்டு வாரத்தில் ஆறாத புண் எதுவாக இருந்தாலும் அப்படியே. மாத்திரை தொடங்கினபிறகு வாய்ப்புண்ணோடு உடம்பில் தடிப்பு, கண் சிவப்பு, காய்ச்சல் சேர்ந்து வந்தால் அது மருந்து ஒவ்வாமையாக இருக்கலாம், இரவு பகல் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.


ஊசிநூல் எழுதியது:

மூன்று வாரம் ஆயிற்று, சொல்லாமல் இருந்தால் நன்றாயிருக்காது.

மறுநாளே போகவில்லை, வெள்ளிக்கிழமைதான் போனேன். முல்லைக்கொடி அக்கா போனில் கூடவே இருந்தார். கவுன்சலர் மேடம் கொஞ்சம் சத்தம் போட்டார், அப்புறம் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்து, எத்தனை மணிக்கு ஷிப்ட் முடியும் என்று கேட்டு அதற்கு ஏற்ற மாதிரி மாத்திரை நேரத்தைச் சொன்னார். சி.டி.4 164 இருந்தது. 200க்குக் கீழே என்பதால் மூளைக் காய்ச்சல் பூஞ்சைக்கு ஒரு ரத்தப் பரிசோதனையும் காசநோய்க்குச் சளிப் பரிசோதனையும் எடுத்தார்கள், இரண்டிலும் ஒன்றும் இல்லை. ஃப்ளூகோனசோல் 14 நாள் கொடுத்தார்கள். நாலாவது நாளே நாக்கு சிவப்பாகிவிட்டது, நிறுத்தவில்லை, 14ம் போட்டு முடித்தேன்.

பல்லுக்கு அங்கிருந்தே சீட்டு எழுதி அரசு ஆஸ்பத்திரிப் பல் பிரிவுக்கு அனுப்பினார்கள். எனக்கு முன்னால் ஒரு தாத்தா, எனக்குப் பின்னால் ஒரு காலேஜ் பெண். எல்லாருக்கும் ஒரே மாதிரி கையுறை, ஒரே நாற்காலி. சீட்டைப் படித்துவிட்டு அந்த டாக்டரம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, தட்டணு எவ்வளவு என்று மட்டும் கேட்டார். மரத்துப்போக ஊசி போட்டபோது வலிக்குதா என்று இரண்டு தடவை கேட்டார். எனக்கு அதற்கே கண் கலங்கிவிட்டது, வலி என்று நினைத்து இன்னும் கொஞ்சம் மருந்து போட்டார். முக்கால் மணி நேரம் பஞ்சைக் கடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தேன். காசு எதுவும் வாங்கவில்லை. மேலே வலது பக்கம் ஒரு சின்னச் சொத்தை இருக்கிறதாம், அடைக்க அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார்.

நேற்று ரசம் வைத்தேன். மிளகு ருசி தெரிந்தது.

அவையம் சொன்ன மாதிரி அந்தக் கிளினிக்கில் நடந்ததைத் தேதி போட்டு எழுதி, எக்ஸ்ரே ரசீதோடு வைத்திருக்கிறேன். புகார் கொடுக்கத்தான் நினைக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை அக்காவோடு உட்கார்ந்து எழுதலாம் என்று இருக்கிறோம்.


வெண்பல் எழுதியது:

ரொம்ப சந்தோஷம் அம்மா. பூஞ்சை இருந்தபோது பயன்படுத்திய பிரஷ்ஷைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குங்கள். ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று பார்க்கிற வைரல் லோடு பரிசோதனை எப்போது எடுக்க வேண்டும் என்று அடுத்த முறை மாத்திரை வாங்கப் போகும்போது கேட்டு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.


ஊசிநூல் எழுதியது:

பிரஷ் அன்றைக்கே மாற்றிவிட்டேன் டாக்டர். தேதியைக் கேட்டுக் குறித்துக்கொள்கிறேன்.